ஞ-வும் ழ-வும்

வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கமலினி ஒரு வாலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பனிச்சிறுத்தையின் வால். கிர்கிஸ்தானில் ஏதோ ஒரு மலை இடுக்கில், பாறையோடு கட்டிவைத்த கமெராவைத் தாண்டி, போன ஒக்டோபரில் அந்த மிருகம் தன்பாட்டில் அப்பால் போயிருக்கிறது. முகம் இல்லை. பின்புறமும் தூக்கிய வாலும்தான். ‘தெளிவில்லை’ என்று அவளே முன்பு ஒதுக்கிவிட்ட படம். அறிக்கை போகமுன்னம் ஒதுக்கியவற்றை ஒருதரம் தட்டிப் பார்ப்போம் என்று தட்டியபோதுதான் கண்டாள்: இடது தொடையில் ஞ. வலது தொடையில் ழ. நடுவில் ஒரே ஒரு வால்.

“அட கோதாரி,” என்றாள், வாய்விட்டே.

கமலினிக்கு ஐம்பத்துமூன்று வயது. வாரத்தில் மூன்று நாள், தான் குடியேறிய கிரான்பர்னில் ரயிலேறிப் பல்கலைக்கழகத்துக்கு வருவாள். கமெராக்கள் தாமாக எடுத்த படங்களைப் பார்த்து, எந்தச் சிறுத்தை எது என்று பிரித்து எழுதுவது அவள் வேலை. எங்கே எத்தனை இருக்கின்றன என்ற கணக்கு அதிலிருந்துதான் பிறக்கும். ஒவ்வொன்றுக்கும் உடம்பில் புள்ளி வேறு. மற்றவர்கள் கோடு போட்டு அளந்து மினக்கெடுவார்கள். அவள் எழுத்துத் தேடுவாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டு வருடம் இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளின் கோழிக் கிறுக்கலை வாசித்துத் திருத்தியவளுக்குச் சிறுத்தையின் உடம்பில் ஒரு ஞ-வைப் பிடிப்பது என்ன பெரிய வித்தையா? இரண்டாம் நம்பர் சிறுத்தையின் நெற்றியில் பிள்ளையார் சுழியே இருக்கிறது.

பட்டியலில் நாலாவது ஞ. அதற்கு மார்ச்சில் எடுத்த இடப்பக்கப் படம் மட்டும் இருந்தது. ஒன்பதாவது ழ. அதற்கு ஒக்டோபரில் எடுத்த வலப்பக்கம் மட்டும். பாதைக்கு இரண்டு கரையிலும் கமெரா வைப்பார்கள். குளிரில் ஒரு கமெரா செத்துவிட்டால் மிருகத்தில் பாதிதான் கிடைக்கும். அப்படிக் கிடைத்த இரண்டு பாதிகளை அவள் இரண்டு முழுச் சிறுத்தைகளாக எழுதிவைத்திருக்கிறாள்.

போன முறை அந்தப் பள்ளத்தாக்கில் பதினொன்று. இந்த முறை பன்னிரண்டு. “ஒண்ணு கூடியிருக்கு ஆன்ட்டி!” என்று நவீன்ராஜ் போன கிழமை எல்லோருக்கும் கறிபாப் பலகாரம் வாங்கிக் கொடுத்தான். கிள்ளானிலிருந்து படிக்க வந்தவன், இந்த ஆராய்ச்சியே அவனுடையது. நாளைக்கு அறிக்கை போகிறது. அவனுடைய சந்தோஷத்தில் மண்ணைப் போட அவளுக்கு மனமில்லை என்பது உண்மைதான். ஆனால் அவளைக் கதிரையோடு பிடித்து வைத்தது அது இல்லை.

முன்பும் ஒருதரம் அவள் இப்படி இரண்டை ஒன்று என்று சொல்லப் போயிருக்கிறாள். ஊரில் யுத்தம் முடிந்த வருடம் அவள் கணவன் காணாமல் போனான். கமலினி அவனைக் காணாமல் போனோர் பட்டியலில் ‘இந்திரகுமார் சிவபாலன்’ என்று பதிந்தாள். கடைசியாகக் கண்டது மே மாதம். வேறு முகாமிலிருந்த மாமி, அவனுடைய தாய், தகப்பன் பெயரை முன்னால் போட்டுச் ‘சிவபாலன் இந்திரகுமார்’ என்று பதிந்திருந்தாள்; யூலையில் அவனை ஒரு பஸ்ஸில் ஏற்றினதைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்டாராம். இங்கிலீசுப் பட்டியலில் ஐ எழுத்தில் ஒருவன், எஸ் எழுத்தில் ஒருவன். மடியில் கனமில்லாத கமலினி நேரே அந்தப் பட்டியல் எழுதும் அலுவலகத்துக்குப் போய், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொன்னாள். ஐ எழுத்துக்காரர், எஸ்ஸில் இருக்கிறதுதானே என்று வெட்டினார். எஸ் எழுத்துக்காரர், ஐ-யில் இருக்கிறதுதானே என்று வெட்டினார். அடுத்த பட்டியலில் இந்திரகுமார் எங்கேயும் இல்லை. எழுதிக் கேட்டதற்கு, அப்படியொரு பெயரே பதிவில் இல்லை என்று பதில் வந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று அவள் இன்றுவரை தன்னையே திட்டுகிறாள்.

சூடு கண்ட பூனை அடுப்படிக்குப் போகாதாம். இந்தப் பூனை பதினைந்து நிமிடம் இருந்துவிட்டு எழும்பி நவீன்ராஜிடம் போனது.

“தம்பி, நாலும் ஒன்பதும் ஒண்டு.”

“என்ன ஆன்ட்டி?”

“ரெண்டு சிறுத்தை இல்லை. ஒண்டுதான். பிழை என்ரைதான்.”

நவீன்ராஜ் அவள் மேசைக்கு வந்து வாலைப் பார்த்தான். இடம், வலம், மறுபடி இடம். “அலமா,” என்று தலையில் கைவைத்தான். “அப்ப லெவன்தானா? கூடவே இல்லையா?” இன்னொரு தரம் குனிந்து வாலைப் பார்த்தான். “நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது ஆன்ட்டி.”

“எனக்குத் தெரியுமெல்லோ.”

அவன் பெருமூச்சு விட்டுக்கொண்டு, நின்றபடியே மவுஸை இழுத்துப் பட்டியலைத் திறந்தான். “சரி, டூப்ளிகேட்ட தூக்கிடலாம்.” நாலாவது வரியை அழுத்தினான், ஒன்பதாவதை அழுத்தினான். இரண்டு வரியும் நீலமாகின.

“அழிக்காதேங்கோ!”

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அடுத்த மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது, ஆனாலும் பிடியை விடவில்லை.

“ரெண்டையும் அழிச்சுப் போடாதேங்கோ தம்பி. என்ரை மனுசன்ரை பேரை அப்பிடித்தான் செய்தவை.”

அவனுக்கு முழுதாக விளங்கியிருக்காது. “அழிக்கல ஆன்ட்டி,” என்றான் மெதுவாக. “ரெண்டையும் செலக்ட் பண்ணாதான் ஒண்ணா சேக்க முடியும். இந்தாங்க, நீங்களே சேருங்க.” மவுஸை அவள் பக்கம் தள்ளினான்.

கமலினி அழுத்தினாள். ஒன்பதாவது வரி மறைந்தது. அவசரமாக மேலே போய் நாலாவதைத் தேடினாள். இருந்தது. இடப்பக்கப் படத்துக்குக் கீழே வலப்பக்கப் படமும் வந்து நின்றது. மொத்தம் பதினொன்று.

கடைசிக் கட்டம் ‘இறுதியாகக் காணப்பட்ட திகதி’. காலையில் நாலாவதுக்கு அதில் மார்ச் இருந்ததை அவள் கண்டவள். இப்போது ஒக்டோபர் பத்தொன்பது.

“இது தானா மாறினதோ?”

“ஆமா ஆன்ட்டி. எது பிந்துன தேதியோ, அதான் நிக்கும்.”

நவீன்ராஜ் அறிக்கையைத் திருத்தத் தன் மேசைக்குப் போனான். கமலினி, எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை மாதிரி, திரையில் அந்தத் திகதிக்குக் கீழே விரலை வைத்தாள். “அப்ப, மே இல்லை. யூலை,” என்றாள் தனக்குள். பக்கத்துத் திரையில் அந்த வால் இன்னும் தூக்கியபடியே இருந்தது. அதற்கு அப்பால் பனியில், பாறை வளைவு வரைக்கும், ஒரு தடமும் இல்லை.