டீச்சருக்கு ஒரு கோட்டு

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதைச் செய்வதற்கும் ஒரு வகுப்பு வேண்டியிருக்கிறது. மூச்சு விட வகுப்பு, தூங்க வகுப்பு, சும்மா உட்கார்ந்திருக்க ஒரு வகுப்பு. சும்மா உட்காருவதற்குத் தனியாகப் பாய் வேறு வாங்கிக்கொண்டு போகிறார்கள். புதுசாக இன்னொன்று, கண்ணை மூடிக் கற்பனை செய்ய வகுப்பு. கண்ணை மூடினால் தூக்கம் வரும், மிஞ்சிப்போனால் குறட்டை வரும். இவர்களுக்குப் புதுப்புது யோசனையாக வருமாம். யார் காதில் பூச்சுற்றப் பார்க்கிறார்கள்?

சாவிக்காரர் இப்படி ஊரைத் திட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த வகுப்புக்குப் போய்வந்தது அவருடைய மனைவியேதான்.

வீட்டு முன்னறையில் ஒரு பாதி அவருடைய பூட்டுப் பட்டறை, மறுபாதி அவளுடைய தையல் மேசை. பழைய சட்டையைக் கொண்டுவந்து "இதே மாதிரி வேணும்" என்றால் இழை பிசகாமல் தைத்துக் கொடுப்பாள். நாற்பது வருஷத்தில் மாதிரி இல்லாமல் அவள் எதையும் தைத்ததில்லை. அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

பக்கத்து வீட்டு டீச்சர் போன வருஷம் மாடிப்படியில் விழுந்தாள். இப்போது சக்கர நாற்காலிதான். இடது கை தோளுக்கு மேலே எழும்பாது. வருகிற திங்கட்கிழமை, ஒரு வருஷம் கழித்துப் பள்ளிக்கூடம் போகிறாள். குளிரோ எலும்பைத் துளைக்கிறது. கடையில் விற்கிற எந்தக் கோட்டையும் அவளால் தானாக மாட்டிக்கொள்ள முடியவில்லை.

"பிள்ளைங்க முன்னாடி யாரும் எனக்குக் கோட்டு மாட்டிவிடக் கூடாது அத்தை. நானே போடணும், நானே கழட்டணும்" என்று சொல்லி, நீலக் கம்பளித் துணியைக் கொடுத்துவிட்டுப் போனாள். கடையில் அந்தத் துணி அதோடு தீர்ந்துவிட்டது. வெட்டு தப்பினால் வேறு கிடையாது.

நாலு நாளாகத் துணி மேசைமேலேயே கிடந்தது. கத்தரிக்கோலை எடுப்பாள், வைப்பாள். சாப்பாட்டுத் தட்டைப் பாதியில் நகர்த்திவிடுவாள். சாவிக்காரருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன், ஆகவே சண்டை போட்டார்.

"முடியலேன்னா முடியலேன்னு சொல்லிட்டுப் போயேன். டீச்சர் என்ன உன்னைத் தூக்குலயா போடப்போறா?"

"முடியலேங்கிற வார்த்தையை அவளே ஒரு வருஷமா வாயில வராமப் பார்த்துக்கிறா. நான் போய் அவகிட்ட சொல்லவா?"

சனிக்கிழமை காலையில் ஒரு காகிதத்தோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். வகுப்பில் கொடுத்தது.

"என்னங்க, இதைக் கொஞ்சம் படிங்க. நான் கண்ணை மூடிக்கணும். ஒருத்தர் நிறுத்தி நிறுத்திப் படிக்கணுமாம்."

"எனக்கு மூணாங்கிளாஸ் படிப்பு. நிறுத்தாமப் படிக்கத்தான் வராது."

"அதான் உங்களைக் கேக்கறேன்."

எழுத்துக்கு ஒரு விரல் வைத்து ஆரம்பித்தார். "'வசதியாக உட்காருங்கள். தோள்களைத் தளர்த்துங்கள்.' அடேங்கப்பா, என்ன மரியாதை! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நானே உன்னை இப்படிக் கூப்பிட்டதில்லை."

கண்ணைத் திறக்காமலே அவள் சிரித்தாள். நாலு நாளில் முதல் சிரிப்பு. அதைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"'உங்கள் முன்னால் ஒரு வீடு இருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே போங்கள். நீங்கள் யாருக்காக வேலை செய்கிறீர்களோ, அவர் உள்ளே இருக்கிறார்.'"

"திறந்துட்டேன்."

காகிதத்தைக் கீழே வைத்தார். "எப்படித் திறந்தே?"

"திறன்னு போட்டிருக்கு, திறந்தேன்."

"பூட்டு?"

"ஐயோ, காகிதத்துல பூட்டே இல்லைங்க!"

"அடுத்தவங்க வீட்டுக் கதவு. கேள்விமுறை இல்லாமத் திறந்துட்டுப் போயிடுவியா? முதல்ல முன்வாசலா, பின்வாசலா, அதைச் சொல்லு."

பூட்டு சிக்கிவிட்டது என்று யார் கூப்பிட்டாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். முன்வாசலுக்கு மூன்று பூட்டுப் போடுகிறவன்கூடப் பின்வாசலை ஒரு தாழ்ப்பாளோடு விட்டுவிடுவான். அவருக்கு முக்கால்வாசி வேலை பின்பக்கமே முடிந்துவிடும்.

அவளுடைய மூடிய இமைக்குள்ளே விழி அசைந்தது.

"பின்வாசல்" என்றாள் மெதுவாக. "டீச்சரோட முதுகுதான் தெரியுது. நாற்காலியோட முதுகும்."

"ஒத்தைக் கதவா, ரெட்டைக் கதவா?"

"ரெட்டை."

"நடுவுல காத்து வருமே?"

"வராது. ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்குது."

"தாழ்ப்பாள்?"

"வேணாம். அவ சாஞ்சு உக்காந்தா நாற்காலியே அழுத்திப் பிடிச்சுக்கும்."

எந்த ஊரில் கதவை நாற்காலி பிடிக்கும்? கேட்டிருப்பார். ஆனால் அதற்குள் அவளுடைய கைகள் மடியிலிருந்து எழுந்து முன்னால் நீண்டன, எதற்குள்ளேயோ நுழைகிற மாதிரி. வாயை மூடிக்கொண்டார்.

"அப்புறம் என்ன எழுதியிருக்கு?"

"'உள்ளே வேறு யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.'" படித்துவிட்டுக் காத்திருந்தார். எதற்காக என்று அவருக்கே தெரியவில்லை.

"யாரும் இல்லை."

"நல்லாப் பாரு."

"நீங்க வெளியே இருக்கீங்க. குனிஞ்சு கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு."

அவர் காகிதத்தை இரண்டாய் மடித்தார்.

அவள் எழுந்துபோய்ச் சாக்குக்கட்டியால் கோடு போட்டாள். கத்தரிக்கோல் துணியில் இறங்கும் சத்தம் கேட்டபோது, அந்தப் பக்கம் பார்க்கத் தைரியமில்லாமல் ஒரு பழைய பூட்டைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டீச்சர் வந்தாள். முன்பக்கம் முழுசாக, முதுகுப் பக்கம் இரண்டாகப் பிளந்த கோட்டு. மடியில் விரித்து, இரண்டு கையையும் நேராக முன்னால் நீட்டி நுழைக்க வேண்டியதுதான். தோளுக்கு மேலே தூக்கவே வேண்டாம். முதல் தடவை இடது கை பாதியில் மாட்டிக்கொண்டது. சாவிக்காரர் உதவிக்கு ஓரடி எடுத்து வைத்தார். மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தாள்.

இரண்டாவது தடவை கை வெளியே வந்தது. முதுகுத் துணி இரண்டும் தோளுக்குப் பின்னால் விழுந்து ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. டீச்சர் சாய்ந்து உட்கார்ந்தாள். கழற்றினாள். மறுபடி போட்டாள். மறுபடி கழற்றினாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை.

"எப்படி அத்தை இப்படித் தோணுச்சு?" என்றாள் கடைசியில்.

"நான்தான் உள்ளே போய்ப் பார்த்துட்டு வந்தேனே" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாம் அந்த வகுப்புதான்."

"நீங்களும் போய்ச் சேருங்க மாமா" என்றாள் டீச்சர்.

"ஏம்மா, காகிதமா வந்து துணியை வெட்டிச்சு? நாப்பது வருஷம் தைச்ச கை அது. நாலு நாள் பயந்துச்சு, அஞ்சாம் நாள் பயம் தெளிஞ்சுது. அவ்வளவுதான்."

"அப்ப நீங்க கேட்ட கேள்வியெல்லாம்?" என்றாள் மனைவி.

"நான் கதவைப் பத்திக் கேட்டேன். கோட்டைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டேனா?"

அதற்கு மேல் அங்கே நின்றால் இரண்டு பேரும் சேர்ந்து தன்னையும் வகுப்பில் தள்ளிவிடுவார்கள் என்று தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். பின்னால் இருவரும் சிரிப்பது கேட்டது. "பைத்தியக்காரத்தனம்" என்று முணுமுணுத்தபடி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.