அய்யனார் வெட்டிய கிணறு

1943ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பரளச்சிக்குக் கிழக்கே கம்மாய்க்கரையில் இருந்த அய்யனார், தன் பீடத்தை விட்டு இறங்கி, ஊருக்குள் நடந்து வந்து கருத்தம்மாள் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தார். கருங்கல் உடம்பாகையால் நடந்த தடமெல்லாம் கரிசல் ஒரு சாண் ஆழம் குழிந்திருந்தது. வண்டிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே குழிகளை மூடினார்கள்.

அவரை வரச்சொன்னவள் கருத்தம்மாள்தான். அந்த ஆடியில் வாந்திபேதி வந்து ஒரே வாரத்தில் ஊரில் பதினோரு பிள்ளைகள் போய்விட்டன. கடைசியாகப் போனது அவளுடைய ஆறு வயது மகள் ஆவுடைத்தாய். போன பிறவிப் பாவம் என்று ஆறுதல் சொல்லப் பார்த்தார் பூசாரி பால்ச்சாமி. எறும்பை மிதித்துவிடக் கூடாதென்று குனிந்து பார்த்தே நடக்கிற பிள்ளை அது என்றாள் அவள். பிறகு நேரே கோயிலுக்குப் போய், காவலுக்கென்று இருக்கிறவர் அன்றைக்கு எங்கே போயிருந்தார், பிள்ளை ஏன் போனது, வீட்டுக்கு வந்து பதில் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றோடு அடுப்பு மூட்டுவதை நிறுத்தினாள். புருஷன் சோலைச்சாமி அக்காள் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த கஞ்சியில் இரண்டு வாய் குடித்தால் அதிகம்.

வந்தவர் எட்டு நாள் வாய் திறக்கவில்லை. கோழிகள் அவர் மடியில் ஏறி முட்டையிட்டன. பால்ச்சாமி வெறும் பீடத்துக்கே தீபம் காட்டினார். ஒன்பதாம் நாள் அய்யனார் பேசினார்.

“எனக்குத் தெரியல தாயி. அன்னைக்கு நானும் கும்புட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.”

கருத்தம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். பொய் சொல்கிற முகமாக இல்லை. முதலில் ஆத்திரம் வந்தது. அப்புறம், பிள்ளை போனபின் முதன்முதலாக, அழுகை வந்தது. சாயங்காலம் அடுப்பை மூட்டினாள்.

“சும்மா உக்காந்திருந்தா ஆச்சா? கஞ்சியக் குடிச்சிட்டு ஏதாச்சும் வேலையப் பாரு” என்றாள்.

வேலைக்கு அவர் லாயக்கில்லை. களையெடுக்கப் போனால் பருத்தியையும் சேர்த்துப் பிடுங்கினார். ஆடு மேய்த்தால், ஆடுகள் அவர் நிழலை விட்டு நகரவில்லை. நோய் ஊருணித் தண்ணீரில் வந்ததாக ஊசி போட வந்தவர் சொன்னதை ஒருநாள் சோலைச்சாமி எடுத்துச் சொன்னான். அய்யனார் கையிலிருந்த செண்டாயுதத்தைக் கீழே வைத்துவிட்டுக் கடப்பாரையை எடுத்தார். உப்புத் தண்ணீர் தவிர வேறெதையும் தந்திராத மண்ணில் நாற்பது அடி இறங்கினார். பாறை வந்த இடத்தில் முழங்கையால் இடித்தபோது தெறித்த கல்லில் அவர் மூக்கு நுனி சிதறியது. பால்ச்சாமி உட்பட ஊரே மண் சுமந்தது. தை மாதம் நல்ல தண்ணீர் வந்தது. கருத்தம்மாள் முதல் வாளியில் ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, மீதியைக் குடத்தில் ஊற்றிக்கொண்டாள்.

மறு வருஷம் வாந்திபேதி நரிக்குடிப் பக்கம் வந்தது. இந்த ஊரைத் தொடவில்லை. எல்லோரும் அய்யனாருக்குப் பொங்கல் வைக்கக் கிளம்பினார்கள். நரிக்குடிப் பிள்ளைகள் மட்டும் என்ன பாவம் செய்தன என்று கருத்தம்மாள் கேட்டாள். அய்யனார் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நரிக்குடிக்கு நடந்தார். அதன் பிறகு கூப்பிட்ட ஊருக்கெல்லாம் போனார். ரேஷன் கார்டு எழுத வந்தவர், ‘அய்யனார், வயது தெரியாது, தொழில் கிணறு வெட்டு’ என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

செவ்வாய்தோறும் அவர் வீடு வந்ததும், பிள்ளை ஏன் போனது என்று அதே கேள்வியைக் கருத்தம்மாள் கேட்பாள். இன்னும் தெரியவில்லை என்பார் அவர். கேட்டுவிட்டுச் சோறு போடுவாள். 1948இல், மூன்று நாள் சாமி கும்பிடுத் திருவிழாவுக்காவது பீடத்தில் வந்து உட்காரும்படி பால்ச்சாமி கெஞ்சினார். அய்யனார் கிளம்பினார்.

“மூணு நாளுதான் தாயி. வந்துருவேன்.”

“வாரப்ப உப்பு வாங்கிட்டு வா” என்றாள் கருத்தம்மாள்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் முன்னே உப்போடு வந்து சேர்ந்தார்.