ரேடியோ மாத்திரையும் வெள்ளிக் கொடியும்

கலியன் விழுங்கிய மாத்திரை வாயில் இருந்தவரை கட்டிலோரத்து ரேடியோப் பெட்டியில் சுவர்க்கோழி மாதிரி கத்திற்று. தொண்டை தாண்டி வயிற்றுக்குள் இறங்கியதும் கப்சிப்.

ஹவுரா பட்டறையில் இருபது வருஷம் சுமை தூக்கிய உடம்பு. ஆறு மாதமாகத் தின்றது தங்கவில்லை, வாந்தி. ஆஸ்பத்திரியில் பாதுரி என்ற வங்காளி டாக்டர் சொன்னது இதுதான்: மாத்திரைக்குள் சின்ன ரேடியோ இருக்கிறது. அது குடலுக்குள் இறங்கினால் வழி திறந்திருக்கிறது, மருந்தே போதும். இறங்காவிட்டால் நாளைக் காலை கத்தி. கத்தி பட்ட வயிற்றோடு மூட்டை தூக்க முடியுமா?

பெட்டியைக் கவனிக்கும் வைத்தியநாதன் அதோடு இணைந்த கம்பி வளையத்தை அவன் வயிற்றின்மேல் அப்படியும் இப்படியும் நகர்த்தினார். வெறும் இரைச்சல்.

"ஏம்ப்பா, உடம்புல உலோகம் ஒண்ணும் இருக்கப்படாதுன்னேனே?"

"மோதிரம், சாவி எல்லாம் குடுத்துட்டேன் சார். தீப்பெட்டியக்கூடக் குடுத்துட்டேன்."

"மாத்திரை செத்துப்போச்சு. இருந்தது இது ஒண்ணுதான். நாளைக்கு ஆபரேஷன்" என்றார் டாக்டர் வங்காளியில். கலியனுக்கு வங்காளி நன்றாகவே புரியும்.

வாசலில் நின்ற அவன் மனைவி நாகம்மா உள்ளே வந்தாள். "ஏங்க, அரைஞாண் கொடியக் கழட்டுனீங்களா?"

"அத எதுக்குடி? அது என்ன நகையா?"

"வெள்ளி இல்லாம வாழைநாரா? எங்கப்பன் போட்டது எனக்குத் தெரியாதா?"

வைத்தியநாதன் போர்வையை விலக்கினார். இடுப்பைச் சுற்றி முழு வளையமாக வெள்ளிக் கொடி. தலையில் அடித்துக்கொண்டார். "சுத்தி வேலி போட்டுட்டு உள்ள இருக்கறவனக் கூப்பிட்டா குரல் எப்படிய்யா வெளில வரும்? கழட்டு!"

கலியன் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டான். "இத செத்தப்புறந்தான் சார் அவுக்கறது. வெறும் இடுப்போட கெடந்தா பொணம்."

நாகம்மா மேசையில் இருந்த காகிதக்கட்டிலிருந்து சிவப்பு நாடாவை உருவினாள். "மொதல்ல இதக் கட்டுங்க. புதுசு ஏறினப்புறம் பழசு எறங்கட்டும். ஒரு நிமிஷம்கூட வெறும் இடுப்பு இல்ல."

"ஆஸ்பத்திரி நாடாவா?"

"பின்ன, பட்டுல நெய்யச் சொல்லட்டுமா?"

நாடாவில் முடிச்சு விழுந்தது. கொடியின் கொக்கி கழன்றது. பெட்டி கீச்சிட்டது.

சத்தம் எங்கே பலமோ அங்கே வைத்தியநாதன் பேனாவால் வயிற்றில் புள்ளி வைத்தார். பத்து நிமிஷத்துக்கு ஒரு புள்ளி. மத்தியானம்வரை எல்லாம் ஒரே இடத்தில் குவிந்தன. நாகம்மா கொடியை முந்தானையில் முடிந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி இருந்தாள். மூன்று மணிக்கு ஒரு புள்ளி வலப்பக்கம் தள்ளி விழுந்தது. அடுத்தது தொப்புளுக்குக் கீழே.

"நேமே கேச்சே" என்றார் டாக்டர். இறங்கிவிட்டது. "கத்தி வேண்டாம்."

கலியன் கண்ணை மூடித் திறந்தான். "கொடியக் குடு, நாகு."

"மாத்திரைய டாக்டருக்குத் திருப்பிக் குடுக்கணுமாம். அது வெளிய வர்றவரைக்கும் பெட்டியில குரல் கேக்கணுமே. அதுவரைக்கும் நாடாவோட கெடங்க."