காற்றுத் துளையின் மேல் ஒட்டிய லேபிள்

குளிர் அறையில் ஒரு மாதம் இருந்த திராட்சைப் பெட்டிகளைத் திறந்ததும் பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. பெட்டி கட்டிய என் அண்ணியின் ஈரக் கைதான் காரணம் என்று எல்லார் முன்னிலையிலும் மேலாளர் தீர்ப்பளித்தார். அண்ணி நாளை முதல் வேலைக்கு வர வேண்டாமாம்.

குரலை உயர்த்திப் பேசிப் பழகாத எனக்கே பொறுக்கவில்லை.

"சார், தப்பா நினைக்காதீங்க. பெட்டியில ஓட்டை எதுக்கு இருக்குது?" என்று கேட்டேன்.

"காத்து போகத்தான். இதுகூடத் தெரியாதா?"

"அந்த ஓட்டை மேலதானே சார் உங்க புது லேபிளை ஒட்டச் சொன்னீங்க."

அண்ணி குறுக்கிட்டார். "பழத்துக்கு மூச்சு முட்டும்னு அன்னிக்கே சொன்னேன். 'அழகா இருக்குல்ல, வாயை மூடு'ன்னாரு. என் வாய் மேலயும் ஒண்ணு ஒட்டியிருக்கலாம்."

லேபிள் தீர்ந்துபோனதால் ஒட்டாமலே அடுக்கிய கடைசி வரிசையிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டுவந்து திறந்தேன். அதுவும் அதே நாளில் அண்ணி கட்டியதுதான். பழங்கள் கெட்டியாகவும் காம்புகள் பச்சையாகவும் இருந்தன.

மேலாளர் கண்ணாடியைத் துடைத்தார். "சரி, நாளைக்கு வரச் சொல்லு."

"வர்றேன் சார்," என்றார் அண்ணி. "ஈரக் கைன்னு எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இல்லைன்னும் எல்லார் முன்னாடியும் சொல்லிடுங்க."

மேலாளர் அதைச் சொல்லும்வரை எங்களில் ஒருவரும் பெட்டியைத் தொடவில்லை.