அக்கா பேரில் ஓடியவள்

திருப்பாலைவனத்தில் ஓட்டம் தொடங்க இன்னும் கொஞ்ச நேரமே இருந்தபோது, வெள்ளைத் தொப்பி போட்ட அதிகாரி ஒருவர் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, பாதை மாறிவிட்டது என்று அறிவித்தார். கால்வாய்ப் பாலத்தருகே கல் ஏற்றி வந்த லாரி ஒன்று சாய்ந்து கிடக்கிறதாம். அதனால் பெண்கள் ஓட்டம் தோணிரேவு வழியாகச் சுற்றிக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போகும் என்றார். மற்ற பெண்களுக்கு அது வெறும் அறிவிப்பு. செவ்வந்திக்கு அப்படியில்லை. தோணிரேவு அவள் ஊர்.

சொந்த ஊர் வழியாக ஓட யாராவது பயப்படுவார்களா? அக்காவின் பெயரில் ஓடுகிறவள் பயப்படுவாள். அவள் சட்டையில் குத்தியிருந்த நூற்றுப் பதினேழு பூவிழியின் எண். அதிகாரிகளிடம் இருந்ததும் பூவிழியின் பெயர், இரண்டாம் ஆண்டு பி.காம். அந்தப் பூவிழியோ தோணிரேவில், வீங்கிய காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு கிடந்தாள்.

நடந்தது இதுதான். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவள் சும்மா இருக்காமல் வலை உதறப் போனாள். கெளுத்தி முள் உள்ளங்காலில் ஏறிவிட்டது. செருப்புகூட நுழையாத அளவுக்கு வீக்கம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த பெண் அவள். படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் ஓட்டத்தை நம்பித்தான். கல்லூரிகளுக்கு இடையிலான கிராஸ் கன்ட்ரியில் ஓடாதவர்களுக்கு இனி இடமில்லை, புதுப் பிள்ளைகள் வெளியே காத்து நிற்கிறார்கள் என்று புதிதாக வந்த கோச் ரஞ்சித்குமார் முதல் நாளே சொல்லிவிட்டார். மனிதர் வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பெண்களை முகம் பார்த்துக் கூப்பிடும் பழக்கமும் அவருக்கு இல்லை. எண்ணைச் சொல்லித்தான் கத்துவார்.

அழுத பூவிழியைப் பார்த்து, இதற்குப் போய் ஏன் அழுகை என்று கேட்டவர் அப்பா மாரி, பெண்கள் இருவருக்கும் நைனா. ஏரியில் எந்த இடத்தில், என்றைக்கு, யார் வலை கட்டுவது என்பதற்கு ஊரில் முறை வைத்திருக்கிறார்கள். அந்த முறைக்குப் பாடு என்று பெயர். பாடு ஆளுக்கு வருவதில்லை, வீட்டுக்கு வருவது. அப்பனுக்குக் காய்ச்சல் என்றால் மகன் போவான். மகன் ஊரில் இல்லையென்றால் தம்பி போவான். வந்தவன் யார் என்று மீன் கேட்காது, ஊரும் கேட்காது.

"உன்னால முடியலன்னா தங்கச்சி போவட்டும். வூட்டுக்கு வந்த பாட்ட யாராவது வீணாக்குவாங்களா? காலேஜ்ல மட்டும் ஒரு வார்த்த சொல்லிடு" என்றார்.

மறுநாள் ஏரிக்குக் கிளம்பும்போது மறக்காமல் கேட்டார். "சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன் நைனா" என்றாள் பூவிழி.

அது பச்சைப் பொய் என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த செவ்வந்திக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அக்காவின் இடம் போய்விடும். அதோடு, அவளுக்கும் ஓட ஆசை, அதை மறைப்பானேன்? ப்ளஸ் டூ படிக்கிறாள். ஜூன் மாதம் அதே கல்லூரியில், அதே கோட்டாவில் சேர வேண்டும் என்று கொள்ளை ஆசை வைத்திருந்தாள். இன்றைக்கு மாட்டிக்கொண்டால் அக்காவுக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே கதவைச் சாத்துவார்கள். ஆழம் தெரிந்தேதான் இரண்டு பேரும் காலை விட்டார்கள்.

அணியின் மற்ற மூன்று பெண்களுக்கும் விஷயம் தெரியும். நான்கு பேர் ஓடி முடித்தால்தான் கணக்கில் அணி என்று சேரும். இந்தக் கல்லூரிக்கு இருந்ததே நான்கு பேர். அதனால் அணித் தலைவி சந்தியா வேண்டாவெறுப்பாகச் சம்மதித்திருந்தாள்.

"மொதல் ஆறு பேருக்கு ஐ.டி. கார்டு பாத்து போட்டோ எடுப்பாங்க" என்று பஸ்ஸில் வரும்போதே காதோடு சொல்லியிருந்தாள். "நீ ஏழாவதா வா, பத்தாவதா வா. ஆறுக்குள்ள மட்டும் வந்து தொலைக்காத."

இப்போது பாதை மாறியதைக் கேட்டுச் சந்தியாவும் பதறிப்போனாள். செல்போனைச் செவ்வந்தி கையில் திணித்தாள். பூவிழி முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"யக்கா, ரூட்டு மாறிட்ச்சு. நம்மூரு வழியா வரோம். எல்லாம் எம்பேர சொல்லிக் கூப்புடுவாங்க."

 பூவிழி உடனே, "நீ ஓடு. வூடு வூடா போயி நான் சொல்லிடறேன். அல்லாரும் பூவிழின்னு கூவட்டும்" என்றாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நொண்டிக்கொண்டு போகிறவள் எத்தனை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட முடியும் என்று செவ்வந்தி நினைத்துக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதிவிட்டார்கள்.

நெல்வயல்களுக்கு நடுவே தார்ச்சாலையில் கும்பல் நீண்டு பிரிந்தது. செவ்வந்திக்கு ஓடுவது கஷ்டமாக இல்லை. ஓடாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. முன்னால் போன பெண்களின் முதுகுகளை எண்ணிப் பார்த்தாள். ஒன்பது. ஒருத்தி மூச்சு வாங்கி ஒதுங்க, எட்டு ஆனது. உடனே காலை அடக்கிக்கொண்டாள். பசித்தவனை இலை முன்னால் உட்காரவைத்துக் கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. பின்னால் வந்த சந்தியா அவளை ஒட்டிவந்து, "இப்டியே போ, இப்டியே" என்று மூச்சுக்கு நடுவில் சொன்னாள். முன்னால் இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். இப்போது ஏழு பேர். செவ்வந்தி எட்டாவது. போதும் என்று நினைத்தாள். மனது போதும் என்று சொல்லவில்லை.

சாலை வளைந்ததும் ஏரி தெரிந்தது. உப்புக் காற்று முகத்தில் அடித்தது. தோணிரேவு ஆட்கள் வழியின் இரண்டு பக்கமும் நின்றிருந்தார்கள்.

"பூவிழி! ஓடு பூவிழி!"

பூவிழி நொண்டிக்கொண்டே ஊரை வளைத்துவிட்டாள் என்று தெரிந்தது. ஆனால் நடிக்கத் தெரிந்த ஊரா அது? பெரியவள் பெயரைச் சொல்லிச் சின்னவளைக் கூப்பிடுவதில் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. இறால் கூடையோடு நின்ற பச்சையம்மா மட்டும், "ஏ செவ்" என்று ஆரம்பித்து, பக்கத்திலிருந்தவள் விலாவில் இடித்ததும், "பூவிழீ" என்று இழுத்து முடித்தாள். செவ்வந்திக்கு முதுகெல்லாம் வேர்த்தது. ஓட்டத்தால் வந்த வேர்வை இல்லை அது.

தெருமுனையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தாள் பூவிழி. கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. தங்கைக்கும் அது தொற்றிக்கொண்டது. ஊரைத் தாண்டிவிட்டால் பிறகு பிழைத்தோம் என்று நினைத்தாள்.

தெரு திரும்பியதும் மீன் ஏலம் விடும் கூடம். அதன் வாசலில்தான் பாதி வழிக்கான அதிகாரி நின்றிருந்தார். யாரும் குறுக்கே புகுந்து ஓடவில்லை என்பதற்கு அடையாளமாக ஒவ்வொருத்தி கையிலும் ரப்பர் பேண்ட் மாட்டி அனுப்பவேண்டியது அவர் வேலை. அவர் பக்கத்தில் மாரி நின்றிருந்தார்.

ஏரியிலிருந்து நேராக வந்திருக்கிறார். இடுப்புவரை ஈரம் சொட்டியது. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர்க்கூட்டத்தில் பேசும்போது நிற்பது போலவே நிமிர்ந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பெரிய பொண்ணு கால்ல முள்ளு ஏறிட்ச்சு சார். வூட்டுக்கு வந்த பாடு, உடக்கூடாது. அதான் சின்னத அனுப்பிக்கிறேன். சொல்லிட்டுத்தான் ஆள மாத்தணும். அத்த சொல்லிடலாம்னு வந்தேன்."

அதிகாரிக்குப் பாதிதான் புரிந்தது போலிருந்தது. செவ்வந்தி கையை நீட்டிக்கொண்டு வந்து நின்றதும், அவர் ரப்பர் பேண்டை மாட்டாமல் அவள் எண்ணையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏம்மா, இந்த ஆள் என்னமோ சொல்றாரு. நீ பூவிழிதானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் வேண்டியிருந்தது. கிறுக்கன் யாரோ உளறுகிறான் என்று அதிகாரி கையை உதறிவிட்டு அவளை அனுப்பிவிடுவார். அக்காவின் இடம் பிழைக்கும், ஹாஸ்டல் பிழைக்கும், ஜூன் மாதமும் பிழைக்கும். ஆனால் கூடத்தைச் சுற்றி ஊரே நின்றிருந்தது. அதுவரை சிரித்துக் கத்திக்கொண்டிருந்தவர்கள் இப்போது அவள் வாயையே பார்த்தார்கள். மாரி மகளைப் பார்த்துச் சிரித்தார். நல்லது செய்துவிட்ட மனிதனின் சிரிப்பு அது. ஆமாம் என்றால் அவரை ஊர் நடுவில் பொய்யனாக்கிவிட்டு ஓடவேண்டும். அவளுக்கு நைனா மேல் கண்மூடித்தனமாகக் கோபம் வந்தது. ஏன் இப்போது, ஏன் இங்கே, ஏன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது என்று கத்த வேண்டும் போலிருந்தது.

பின்னால் வந்த சந்தியா, "சொல்லு, ஆமான்னு சொல்லு" என்று கிட்டத்தட்ட அழுதாள்.

"செவ்வந்தி சார்" என்றாள் அவள். "பூவிழி எங்கக்கா. இவரு எங்க நைனா."

அதிகாரி ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு ரப்பர் பேண்டை அவள் கையில் மாட்டிவிட்டார். "ஓடி முடி. அங்க பேசிக்குவாங்க" என்று சொல்லிவிட்டு வயர்லெஸ்ஸை வாய்க்கருகே கொண்டுபோனார்.

அவளுக்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிடும். வயர்லெஸ்ஸுக்குக் கால் வேண்டாம். அது தெரிந்தும் செவ்வந்தி ஓடினாள். இனி ஏழாவதாக வரவேண்டிய அவசியம் இல்லை, எட்டாவதாகவும் வேண்டாம். கூடத்தருகே நின்றதில் இரண்டு பேர் முந்திப் போயிருந்தார்கள். ஏரிக்கரைப் பாதையில் அவர்களைப் பிடித்தாள். பிறகு ஒவ்வொருத்தியாக. அழுதுகொண்டே ஓடினாள், மூச்சு திணறியது, ஆனாலும் கால் நிற்கவில்லை. தன் பெயரைச் சொன்ன பிறகு கால் கேட்ட அளவுக்கு விட்டுக்கொடுத்தாள். இத்தனை வேகம் தன்னிடம் இருப்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த நினைப்பு அவளுக்கு இன்னும் அழுகையைத்தான் கூட்டியது.

பழவேற்காட்டில் முடிவுக் கோட்டைத் தொட்டபோது அவளுக்கு முன்னால் யாரும் இல்லை, பின்னால் சாலை காலியாகக் கிடந்தது. ரஞ்சித்குமார் கோட்டுக்கு அந்தப் பக்கம் குதித்துக்கொண்டிருந்தார். "ஒன் செவன்டீன்! ஒன் செவன்டீன்!" என்று தொண்டை கட்டும் அளவுக்குக் கத்திவிட்டு, தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். அதற்குள் அதிகாரிகளின் மேஜையிலிருந்து அவரைக் கூப்பிட்டார்கள்.

அவர் திரும்பி வந்தபோது வேறு ஆளாக வந்தார். முதன்முறையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"உன் பேர் என்ன?"

"செவ்வந்தி சார்."

"எந்தக் காலேஜ்?"

"இன்னும் ஸ்கூல்தான் சார்."

அவர் சாலையோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "டீமையே எடுத்துட்டாங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "பூவிழி சீட்டை என்னால காப்பாத்த முடியாது. உன் பேரையும் கேட்டு எழுதிக்கிட்டாங்க. கோட்டான்னு சொல்லிக்கிட்டு இனி எந்த காலேஜ் வாசலுக்கும் நீ போக முடியாது." சற்றுப் பொறுத்து, "இப்படி ஓடற பொண்ணு" என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

சந்தியாவும் மற்ற இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். விஷயத்தைக் கேட்டதும் சந்தியா ஷூவைக் கழற்றி எறிந்தாள். அவளுக்கு இது கடைசி வருஷம். செவ்வந்தி பக்கம் அவள் திரும்பவே இல்லை.

அப்போது மாரியின் டிவிஎஸ் ஐம்பது வந்து நின்றது. சட்டையை மாற்றிக்கொண்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தார். யாரும் கேட்காமலேயே பேச ஆரம்பித்தார்.

"பேர மாத்திக் கூவணுமாம்னு பச்சையம்மா வந்து சொல்றா சார், எனக்கு ஒடம்பெல்லாம் கூசிப்போச்சு. சொல்லாம எறங்கினா அது திருட்டு வலை. எம்பொண்ணுங்கள நாளைக்கு ஒருத்தன் அப்டி சொல்லிடக் கூடாது பாருங்க. அதான் ஓடியாந்து சொல்லிட்டேன்." பிறகு கோச்சின் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரியவளுக்குக் கால் ஆறிடும் சார். அடுத்த வாட்டி அவளே வந்துடுவா."

ரஞ்சித்குமார் வாயைத் திறந்தார். செவ்வந்தி அவரைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். அவர் மாரியின் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, "போயிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வண்டியில் அவளை ஏற்றிக்கொண்டு மாரி கடைத்தெருவைத் தாண்டினார். பிறகு தலையைப் பாதி திருப்பி, "மொதல்ல வந்தியாமே. அங்க நின்னவங்கல்லாம் சொன்னாங்க" என்றார்.

"ஆமா நைனா."

"அக்காகிட்ட நான் சொன்னா நம்பமாட்டா. நீயே சொல்லு."

செவ்வந்தி அவர் முதுகில் முகத்தைச் சாய்த்துக்கொண்டாள்.

"சரி நைனா" என்றாள்.