சொந்த வார்த்தைகளில்

...அர்த்தம் மாறக்கூடாது, வார்த்தை மட்டும்தான் மாறணும் என்று சொல்லிக்கொண்டே பலகையில் இரண்டு கோடு இழுக்கிறாள் டீச்சர், என் வயதில் பாதிதான் இருக்கும் அவளுக்கு, ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். எங்கள் வீட்டில் இது அப்படியே தலைகீழ், வார்த்தையெல்லாம் பஞ்சுபோல இருக்கும், அர்த்தம்தான் கைமாறும்போதெல்லாம் மாறும். எதிரே தாளில் பிளாஸ்டிக் குப்பையைப் பற்றி ஒரு பத்தி, அதை என் சொந்த ஆங்கிலத்தில் எழுத வேண்டுமாம், சொந்தத் தமிழிலேயே நான் எதைச் சொல்லிக் கிழித்தேன்? பகல் முழுக்கக் கண் ஆஸ்பத்திரியில் வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சொட்டு மருந்து விடுகிறேன், அண்ணாந்து பாருங்க, எரியும், துடைக்காதீங்க... சாயங்காலமானால் செல்போன் ரிப்பேர் கடைக்கு மேலே இந்த அறை, முந்தைய வகுப்பின் கணக்கு சரியாக அழியாத பலகை. எல்லாம் வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்காக. இல்லை இல்லை, எனக்காக. அவன் அப்படித்தானே சொன்னான், உனக்காகத்தான்க்கா சொல்றேன், அம்மாவும் போயாச்சு, தனியா கிடந்து என்ன பண்ணப்போறே, இங்க வந்துடு, இங்கிலீஷ் பரீட்சையை மட்டும் எழுதிடு, மத்ததை நான் பாத்துக்கறேன். அவன் மனைவிக்கு இரண்டாவது பிரசவம் நெருங்குகிறது என்பதை அவள்தான் வேறொரு நாள் பேச்சுவாக்கில் சொன்னாள், அக்கா கைக்கு ஈடு வருமா என்று.

இப்போது ஜோடி ஜோடியாகப் பேச வேண்டுமாம், ஒருவர் தன் கதையைச் சொல்ல மற்றவர் அதை ஒரே வரியில் சுருக்க வேண்டும், முக்கியமில்லாததை விட்டுடலாம் என்கிறாள் டீச்சர். எனக்கு வாய்த்தவர் லாரி டிரைவர், வெளிநாட்டு லைசென்ஸ் கனவோடு வருகிறவர், பேனாவை ஸ்டீயரிங் மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கிறார். நான் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொல்கிறேன், அம்மா படுத்த படுக்கை, நான் பார்த்துக்கொண்டேன், அம்மா இறந்தாள், தம்பி கூப்பிடுகிறான், அவன் வீட்டில் குழந்தை பிறக்கப்போகிறது, நான் போவேன்... இவ்வளவுதானா? கண்ணாடிக்கடைக்காரரை எங்கே விட்டேன்? ஆஸ்பத்திரிக் கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தாரே, என்னைப் பெண் கேட்டுத் தன் அக்காவோடு வீட்டுக்கு வந்தாரே, உள்ளே கட்டிலில் இருந்தபடி அம்மா, நான் கண்ணை மூடினப்புறம் யாரை வேணா கட்டிக்கட்டும் என்றாளே, அதைக் கேட்டுக்கொண்டு தம்பி வாசலுக்குப் போய், அக்காவுக்கு இப்போ கல்யாணத்துல இஷ்டமில்லையாம், தப்பா நினைக்காதீங்க என்று எவ்வளவு மரியாதையாகச் சொன்னான், சமையலறையில் நான் கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே அவர் கடையை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டார். கதையிலிருந்து அவரை விட்டுவிடு என்று யாரும் சொல்லவில்லை. முக்கியமில்லாதது என்று நானே...

டிரைவர் எழுந்து நிற்கிறார், இங்கிலீஷ் வரல டீச்சர், தமிழ்லயே சொல்லிடறேன் என்கிறார். “மேடம் இத்தனை நாள் அம்மாவைப் பாத்துக்கிட்டாங்க, இனிமே தம்பி பிள்ளைங்களைப் பாத்துக்கப் போறாங்க.” நல்லாருக்கு, இன்னும் சுருக்குங்க என்கிறாள் டீச்சர். அவர் மோட்டுவளையைப் பார்த்து யோசித்துவிட்டு, “மேடம் வேலை மாறுறாங்க,” என்கிறார். வகுப்பே சிரிக்கிறது. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, பாவம், கணக்குக்கு விடை சொல்வதுபோலத்தான் சொன்னார், அதனால்தான் இப்படிச் சுருக்கென்று தைக்கிறது. எதைத் தப்பு என்பேன்? ஒரு சொல்லையாவது பிடுங்கி எறிய முடிகிறதா? பைக்குள் போன் அதிர்கிறது, தம்பிதான், சாக்குக் கிடைத்ததென்று மாடிப்படிக்கு வருகிறேன். பரீட்சைக்குப் பதிஞ்சிட்டியாக்கா, லேட் பண்ணாதே, இவளால குனியக்கூட முடியல என்கிறான். எனக்கே தெரியாமல் வாய் முந்திக்கொள்கிறது.

“கண்ணாடிக்கடைக்காரர் வந்தப்போ வாசல்ல நின்னு அவர்கிட்ட என்ன சொன்னே நீ?”

“எந்தக் கண்ணாடிக்கடைக்காரர்?”

நடிக்கவில்லை, உண்மையிலேயே நினைவில்லை அவனுக்கு. நான் சொல்லச் சொல்ல, ஓ அவரா, அம்மா சொன்னதைத்தானே சொல்லியிருப்பேன், அதுவும் எப்பவோ நடந்தது... நீயும் அன்னிக்கு ஒண்ணும் சொல்லலியேக்கா என்கிறான், கோபமே இல்லாத குரலில். ஒண்ணும் சொல்லலியே. ஆமாம், சொல்லவில்லைதான். திட்டுவதற்கு வாயைத் திறக்கிறேன், வருவதெல்லாம் அவன் வார்த்தை, அம்மா வார்த்தை, டிரைவர் வார்த்தை, என்னுடையது என்று எடுத்துவைக்க ஒன்று சிக்க மாட்டேன் என்கிறது. ஒன்றும் சொல்லாதவளை யார் வேண்டுமானாலும் தங்கள் வார்த்தையில் எழுதிக்கொள்ளலாம்தானே... மேலே கதவைத் திறந்து டீச்சர், மேடம் வர்றீங்களா என்கிறாள், காதுக்குள் தம்பி, அக்கா, வர்றே இல்ல என்கிறான்.

“வரேன்.”

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள், அவன் நிம்மதியாகப் போனை வைத்துவிட்டான். இரண்டு பேரில் யாருக்குச் சொன்னேன்... படியில் அப்படியே நிற்கிறேன்.