ஜெயசித்ராவின் தும்மல்கள்

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஜெயசித்ராவுக்கு வந்த தும்மலை எதிர்வீட்டு இருளப்பசாமி தும்மினார். ஜெயசித்ரா துணிவாளியைக் கீழே வைத்து, கண்ணை மூடி, மூக்கைச் சுருக்கிக்கொண்டு பயத்தோடு காத்து நின்றாள். ஒன்றும் வரவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த இருளப்பசாமி, சளி காய்ச்சல் எதுவும் இல்லாத மனிதர், ஒரே ஒரு தும்மல் போட்டார். அது பெண்குரலில் இருந்தது. கடைசியில் கீச்சென்று ஓர் இழுப்பும் இருந்தது. அது யாருடைய தும்மல் என்று ராஜபாளையத்தில் அந்தத் தெரு முழுக்கத் தெரியும்.

ஜெயசித்ரா நூல்மில்லில் பஞ்சு பிரிக்கும் இடத்தில் பல வருடங்களாக வேலை பார்த்தவள். மற்றவர்கள் கண் சிமிட்டுவது போல அவள் தும்முவாள். மேல்வரிசைப் பற்கள் ஒவ்வொன்றாகப் போய், கழற்றி மாட்டும் பல்செட் வந்தது. பல் இல்லாத தாடையில் எலும்பு நாளாவட்டத்தில் கரைந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியாது. பிடிமானம் இழந்த பல்செட், போன கிறிஸ்துமஸ் ஆராதனையில் அவள் தனியாகப் பாடிய பாட்டின் உச்சியில் வாயைவிட்டுக் கிளம்பி, கீபோர்டு வாசித்த எட்வினின் பாட்டுப் புத்தகத்தில் போய் உட்கார்ந்தது. எட்வின் வாசிப்பை நிறுத்தவில்லை. ஜெயசித்ராதான் நிறுத்தினாள். அதற்குப் பிறகு கோயிலில் மட்டுமல்ல, அடுப்படியில்கூட அவள் பாடவில்லை.

புருஷன் ராபர்ட் அவளை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பல் டாக்டர் ஜெர்வினிடம் கூட்டிப்போனான். தாடையில் திருகாணி இறக்கி அதன்மேல் பல் வைத்தால் ஆயுசுக்கும் கழலாது என்று கேள்விப்பட்டிருந்தார்கள். டாக்டர் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பல்லு நடணும்னா எலும்பு வேணும்லக்கா. ஒங்களுக்கு இருக்கது மூணு மில்லிமீட்டர். அதுக்கு மேல வெறும் காத்துதான்."

"அது எனக்குக் கல்யாணமான அன்னைக்கே தெரியும் சார்" என்றான் ராபர்ட். அன்று பஸ்ஸில் அவன் வேறு சீட்டில் உட்கார்ந்து திரும்பினான்.

கன்னத்துக்குள் ஒரு காற்றறை இருக்கிறது, அதன் தரையில் முட்டை ஓட்டின் உள்தோல் போல ஒரு சவ்வு இருக்கிறது, அதை மெல்லத் தூக்கி அடியில் எலும்புத்தூளை நிரப்பினால் மாதக்கணக்கில் அது அவளுடைய சொந்த எலும்பாகவே ஆகிவிடும் என்று டாக்டர் விளக்கி, அப்படியே செய்தும் முடித்தார். ஒரே ஒரு நிபந்தனை.

"கொஞ்ச நாளைக்குத் தும்மப்படாது. தும்முனா சவ்வு கிழிஞ்சு தூள் அம்புட்டும் மூக்கு வழியா வந்துரும். பொறவு முதல்ல இருந்து ஆரம்பிக்கணும்."

ஜெயசித்ரா மில்லுக்கு லீவு போட்டாள். தெருக்காரர்கள் குழம்புக்கு மிளகாய் வற்றல் தாளிப்பதை நிறுத்தினார்கள். இருந்தும் தும்மல்கள் பழக்கத்தில் வந்துகொண்டுதான் இருந்தன. உள்ளே வழியில்லாததால் வெளியே ஆள் தேடின. தையல் பிரிக்க ஸ்ரீவில்லிபுத்தூர் போகும்போது பஸ் கண்டக்டர் விசில் வாயோடு தும்மியதில், நிறுத்தமே இல்லாத இடங்களில் பஸ் நின்றது. வீட்டு வாசலிலேயே இறங்க முடிந்த சிலர் நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். டாக்டர் ஜெர்வினிடம் விஷயத்தைச் சொன்னபோது, தான் படித்ததில் இப்படி இல்லை, ஆனால் சவ்வுக்கு நல்லது என்றார்.

சிக்கல் சகுனத்தில் வந்தது. ஒற்றைத் தும்மல் கேட்டால் புறப்பட்டவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஜெயசித்ராவின் தும்மல்களோ எப்போதும் ஒற்றை. வேலைக்குக் கிளம்பிய கொத்தனார் ஒருவர் மதியம் வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். இதற்குள் இருளப்பசாமியின் மகள் மாரீஸ்வரிக்கு வ. புதுப்பட்டியில் மாப்பிள்ளை அமைந்து, வெள்ளிக்கிழமை நிச்சயம் என்று ஆனது.

"தங்கச்சி, ஒன் தும்மல நான் எம்புட்டு வேணாலும் தும்முறேன். தட்டு மாத்தையில மட்டும் எங்க ஆளுக மூக்குக்கு வரப்படாது. புதுப்பட்டிக்காரவிய எந்திரிச்சுப் போயிருவாக."

"நானா அண்ணே அனுப்புறேன்?" என்ற ஜெயசித்ரா கொஞ்சம் யோசித்தாள். "அன்னைக்கு ஒரு நாள் நானே தும்மிக்கிடுறேன். போனா பல்லுதான போகும்."

"ஏட்டி, சும்மா கிட" என்றார் இருளப்பசாமி.

'எனக்கு வரட்டும்' என்று யார் சொல்கிறாரோ அவருக்கே தும்மல் போகும் என்பது அதற்குள் கண்டறியப்பட்டிருந்தது. தும்மலுக்குச் சகுனம் பார்க்காத கிறிஸ்தவ வீட்டுக்காரர்கள் பந்தலின் முன்வரிசையில் உட்கார்ந்து அதை ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. ராபர்ட் மட்டும் மறுத்துவிட்டான். அவன் மில்லில் ஃபிட்டர். ஸ்பேனருக்கு அகப்படாத எதையும் நம்பமாட்டான்.

"அடுத்தவ தும்மலத் தும்ம நான் என்ன கிறுக்கனா மச்சான்?"

வெள்ளிக்கிழமை ஒரு தவறு நடந்தது. நமக்காகத் தும்ம வந்தவர்களைப் பசியோடு காக்கவைக்கலாமா என்று இருளப்பசாமியின் வீட்டார் முன்வரிசையை மொத்தமாக முதல் பந்திக்கு எழுப்பிப் போய்விட்டார்கள். தட்டு மாற்றும் நேரத்தில் அவர்கள் வாயில் சாம்பார் சாதம் இருந்தது. வெளியூர்ச் சமையல்காரர், விவரம் தெரியாதவர், காய்ந்த எண்ணெயில் மிளகாய் வற்றலை அள்ளிப் போட்டார். ஜெயசித்ராவுக்கு அதுவரை வராத அளவில் ஒன்று கிளம்பியது. மாரீஸ்வரி தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தாள். அதைத் தானே வாங்கிக்கொள்ள வாயைத் திறந்தாள்.

அந்த முகத்தை ராபர்ட் பார்த்தான். பல்செட் பறந்த நாளில் கோயில் படியிறங்கிய அதே முகம்.

"எனக்கு வரட்டும்" என்று கத்தினான்.

வந்தது. பந்தல் துணி ஒரு முழம் மேலே போய்த் திரும்பி வந்தது. தட்டிலிருந்த வெற்றிலைகள் புரண்டு படுத்தன. மீசைக்கார ராபர்ட்டின் மூக்கிலிருந்து கடைசியில் அந்தக் கீச்சு இழுப்பும் வந்து முடிந்தது. தட்டைப் பாதி தூக்கிய நிலையில் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஐயாதுரை நின்றார்.

"யாருய்யா தும்முனது?"

"மூக்கு இவருது" என்றார் இருளப்பசாமி. "தும்மல் எங்க தங்கச்சிது. தாடையில எலும்பு வச்சிருக்கு."

"மேல்தாடையா, கீழ்த்தாடையா?"

"மேல."

"அப்பச் சரி" என்று ஐயாதுரை தட்டை நீட்டினார்.

ஆடியில் எடுத்த ஸ்கேனில் எலும்பு பதினொரு மில்லிமீட்டர் இருந்தது. திருகாணிகள் இறங்கின. கார்த்திகையில் பற்கள் ஏறின. கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஜெயசித்ரா அந்தப் பாட்டின் உச்சிக்குப் போய், தேவைக்கு அதிகமாகவே அங்கு நின்றுவிட்டு, மெதுவாக இறங்கினாள். எட்வின் முன்னெச்சரிக்கையாகக் கீபோர்டை இரண்டடி தள்ளி வைத்திருந்தார். இனித் தாராளமாகத் தும்மலாம் என்று டாக்டர் ஜெர்வின் சொல்லிவிட்டார். அவளும் முயன்று பார்த்தாள், வரவில்லை. வெளியே போய்ப் பழகிய தும்மல்கள் வெளியேதான் போகின்றன. இப்போது அந்தத் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்களிடம் தண்ணீர் வரும் நேரம், குப்பை வண்டி வரும் நேரம், அவர்கள் வீட்டுக்கான தும்மல் கிழமை ஆகியவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள். யாரும் அதற்காக வாடகையைக் குறைக்கக் கேட்டதில்லை.